எமுலேட்டரும் மெய்ச் செயலியும்: கடைசி இலக்கத்தில் நேரும் வேறுபாடு

(பொறியியல் மாணவர்களுக்கும் அரசுத் துறை அலுவலர்களுக்கும் ஆற்றப்பெற்ற உரையின் வாசகம்)

புதிய நுண்செயலி ஒன்று வடிவமைக்கப்பட்டு, சிலிக்கன் சில்லாக உருப்பெற்று, சோதனை மேசைக்கு வந்து சேர நெடுங்காலம் பிடிக்கிறது. அதுவரை அதற்கான ஆணைத் தொடர்களை எழுதுவோர் கைகட்டிக் காத்திருக்க இயலாது. சில்லு வந்த பின்னரும், சோதனைக்குக் கிடைப்பவை சிலவே. ஆணைத் தொடர் எழுதுவோர் பலர். இந்த இடைவெளியை நிரப்புவதற்கெனத் தோன்றியதே எமுலேட்டர். ஒரு செயலியின் ஆணைகளை ஒவ்வொன்றாகப் படித்து, அச்செயலி என்ன செய்யுமோ அதையே வேறொரு கணிப்பொறியில் செய்து காட்டும் ஏற்பாடு அது. மேசைக் கணிப்பொறி ஒன்று, இன்னும் பிறவாத செயலியின் வேடத்தைப் பூண்டு நடிக்கிறது எனலாம்.

வேடம் எவ்வளவு பொருந்துகிறது என்பதே இங்கு ஆராயத்தக்க வினா. ஓர் ஆணைத் தொடரை எமுலேட்டரில் இயக்கி விடை பெறுகின்றனர். பின்னர் அதே தொடரை, அதே தரவுகளைக் கொண்டு, மெய்ச் செயலியில் இயக்குகின்றனர். முதல் ஆறு இலக்கங்கள் ஒத்திருக்கின்றன. ஏழாவது இலக்கம் வேறுபடுகிறது. இதனைப் பிழையெனக் கொள்வதா, இயல்பெனத் தள்ளுவதா? சோதனை அறிக்கையில் கையொப்பமிடும் அலுவலர் இக்கேள்விக்கு விடை அறிந்திருத்தல் வேண்டும். எல்லா வேறுபாட்டையும் பிழையென்று கொண்டால் பணி நடவாது. எல்லாவற்றையும் இயல்பென்று தள்ளினால் உண்மையான பிழை ஒன்று அக்கூட்டத்தில் மறைந்து சென்றுவிடும்.

மிதவைப் புள்ளி எண்ணின் இயல்பு

கணிப்பொறி முழு எண்களைப் பிசகின்றிக் கையாளும். பின்னங்களும் மிகப் பெரிய, மிகச் சிறிய அளவுகளும் வரும்போது அது மிதவைப் புள்ளி முறையை நாடுகிறது. எண்ணின் குறி, அதன் இலக்கங்கள், புள்ளி எங்கே நிற்கிறது என்பதைச் சொல்லும் அடுக்கு ஆகிய மூன்றையும் குறிப்பிட்ட பிட்டுகளுக்குள் அடக்கி வைப்பதே இம்முறை. 32 பிட் அமைப்பில் இலக்கங்களுக்குரிய நுட்பம் 24 பிட். பதின்ம முறையில் ஏறக்குறைய 7 இலக்கம். 64 பிட் அமைப்பில் அது 53 பிட். ஏறக்குறைய 16 இலக்கம்.

இவ்வளவே இடம் என்றானபின், அதில் அடங்காதவற்றை விட்டுவிட வேண்டியதாகிறது. பத்தில் ஒன்று என்னும் எளிய பின்னம்கூட இரும முறையில் முடிவின்றி நீளும். எனவே கணிப்பொறியில் இருப்பது பத்தில் ஒன்று அன்று. அதற்கு மிக அண்மையிலுள்ள வேறோர் எண். ஒவ்வொரு கூட்டலும் பெருக்கலும் முடிந்ததும் விடையை மீண்டும் இடத்திற்கேற்ப முழுதாக்க வேண்டும்.

இதன் விளைவைப் பள்ளி மாணவரும் கண்டுகொள்ளலாம். மூன்று இலக்கங்களை மட்டும் வைத்துக்கொள்ளும் பொறி ஒன்றைக் கற்பனை செய்க. 100 உடன் 0.4 ஐக் கூட்டினால் 100.4, முழுதாக்கினால் 100. மீண்டும் 0.4 ஐக் கூட்டினாலும் 100 தான். இரண்டு 0.4 களையும் முதலில் கூட்டி 0.8 ஆக்கி, அதனை 100 உடன் சேர்த்தாலோ 100.8, முழுதாக்கினால் 101. கூட்டப்பட்ட எண்கள் அவையே. கூட்டிய வரிசைதான் வேறு. இவ்வியல்பை மனத்திற்கொண்டால் பின்வருவன எளிதில் விளங்கும்.

ஒரு பொது விதி பிறந்த கதை

தொடக்கத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு கணக்கு முறையை வகுத்துக்கொண்டது. 1964 இல் அறிவிக்கப்பட்ட ஐ.பி.எம். 360 வரிசைக் கணிப்பொறிகள் பதினாறடிமான முறையைப் பின்பற்றின. அதில் எண்ணைப் பொறுத்து நுட்பம் மூன்று பிட் வரை குறையக்கூடும். அவ்வரிசையின் இரட்டை நுட்பக் கணக்கில் இருந்த குறை ஒன்றை, விற்பனையான இயந்திரங்களிலேயே பின்னர் திருத்த நேர்ந்தது. கிரே நிறுவனத்தின் பெருங்கணிப்பொறிகள் 64 பிட்டில் 48 பிட்டை இலக்கங்களுக்கு ஒதுக்கின. ஒரு பொறியில் நன்கு இயங்கிய தொடர் மற்றொன்றில் வேறு விடை தந்தது. சில வேளைகளில் இயங்காமலே நின்றது.

இந்தியாவும் இந்நிலைக்கு விலக்கன்று. நடுத்தரக் கால வானிலை முன்கணிப்புக்கெனப் புது தில்லியில் 1980களின் இறுதியில் நிறுவப்பட்ட கிரே எக்ஸ்-எம்.பி. பொறியின் எண் அமைப்பு ஒன்று. 1991 இல் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பரம் 8000 கணிப்பொறியில் இடம்பெற்ற டிரான்ஸ்பியூட்டர் சில்லுகளின் எண் அமைப்பு மற்றொன்று. ஒரே சமன்பாட்டை இரண்டிலும் இயக்கினால் விடைகள் பிட்டுக்குப் பிட்டு ஒத்திருக்கும் என எதிர்பார்க்க இடமில்லை.

இக்குழப்பத்தை நீக்க முனைந்தவர்களுள் முதன்மையானவர் கலிபோர்னியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் கஹான். இன்டெல் நிறுவனம் 1980 இல் வெளியிட்ட 8087 கணக்குத் துணைச் செயலியின் வடிவமைப்பில் அவருடைய ஆலோசனை பயன்பட்டது. அதே கருத்துகளின் வழியில் 1985 இல் ஐ.ஈ.ஈ.ஈ. 754 என்னும் தர விதி ஏற்கப்பட்டது. 1989 இல் கஹானுக்கு டூரிங் விருது வழங்கப்பட்டது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல், வர்க்கமூலம் ஆகிய ஐந்திலும், முடிவற்ற நுட்பத்துடன் கணக்கிட்டுப் பின் ஒரே ஒரு முறை முழுதாக்கினால் என்ன விடை வருமோ அதுவே வர வேண்டும் என்பது இவ்விதியின் உயிர்நாடி. இதன்படி இவ்வைந்திலும் சரியான விடை ஒன்றே. 2008 லும் 2019 லும் இவ்விதி திருத்தி விரிவாக்கப்பட்டது.

விதி இருந்தும் வேறுபாடு ஏன்?

பொது விதி ஒன்று இருக்கும்போது எமுலேட்டரும் செயலியும் வேறுபடுவானேன் எனக் கேட்கலாம். விதி வழுவாத பொறிகளுக்கிடையிலும் வேறுபாடு நுழைவதற்குப் பல வாயில்கள் உள்ளன.

முதலாவது, இருமுறை முழுதாக்கல். 8087 வழிவந்த கணக்கு அலகுகள் இடைநிலை விடைகளை 80 பிட் பதிவேடுகளில் வைத்துக்கொள்ளும். நினைவகத்தில் எழுதும்போது 64 பிட்டாகக் குறைக்கும். ஆக, ஒரு விடை இரண்டு முறை முழுதாக்கப்படுகிறது. 3.349 என்ற எண்ணை ஒரு தசம இடத்திற்கு நேரே முழுதாக்கினால் 3.3 கிடைக்கும். முதலில் இரண்டு இடத்திற்கு முழுதாக்கினால் 3.35, அதை ஓர் இடத்திற்கு முழுதாக்கினால் 3.4. இத்தகைய பொறியில் இயங்கும் எமுலேட்டர், 64 பிட்டில் மட்டுமே கணக்கிடும் செயலியைப் போலச் செய்ய முற்பட்டால் இவ்வாறு வழுக நேரும்.

இரண்டாவது, இணைந்த பெருக்கல்-கூட்டல். பெருக்கி உடனே கூட்டும் ஒரே ஆணை பல செயலிகளில் உண்டு. 1990 இல் வெளிவந்த ஐ.பி.எம். ஆர்.எஸ். 6000 அதற்கு முன்னோடி. அது பெருக்கலின் முடிவில் முழுதாக்காது, கூட்டலுக்குப் பின் ஒருமுறை மட்டுமே முழுதாக்கும். மீண்டும் மூன்று இலக்கப் பொறியை எண்ணுக. 1.23 ஐ 1.23 ஆல் பெருக்கினால் 1.5129. முழுதாக்கிய 1.51 இலிருந்து 1.51 ஐக் கழித்தால் சுழி. இணைந்த ஆணையைப் பயன்படுத்தினால் 0.0029. ஒன்று சுழி, மற்றொன்று சுழியன்று. அடுத்த வரி அவ்விடையால் வகுப்பதாயின், வேறுபாடு கடைசி இலக்கத்தோடு நில்லாது. இவ்வாணையைப் புகுத்துவதா என்பதைப் பெரும்பாலும் கம்பைலரே தீர்மானிக்கிறது. நிரல் எழுதியவர் அறிவதே இல்லை.

மூன்றாவது, சுழிக்கு மிக அருகிலுள்ள எண்கள். தர விதி இவற்றைப் படிப்படியாகக் குறைத்துச் செல்லப் பணிக்கிறது. வேகம் கருதிச் சில அலகுகள் இவற்றைச் சுழியாகவே கொண்டுவிடுகின்றன. ஏ.ஆர்.எம். 7 ஆம் பதிப்புச் செயலிகளின் நியான் அலகு அவ்வாறு செய்வதே.

நான்காவது, விதி விடையை வரையறுக்காத இடங்கள். மிதவைப் புள்ளி எண்ணை 32 பிட் முழு எண்ணாக மாற்றும் செயலைக் காண்க. 300 கோடி என்ற எண் அதில் அடங்காது. இது முறையற்ற செயல் என்று கொடி காட்ட வேண்டும் என்கிறது விதி. எந்த எண்ணைத் திருப்பித் தர வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. இன்டெல் வழிச் செயலி −2147483648 ஐத் தரும். ஏ.ஆர்.எம். செயலியும் ரிஸ்க்-5 செயலியும் +2147483647 ஐத் தரும். சுழியைச் சுழியால் வகுத்தது போன்ற, எண்ணே அல்லாத விடையை மாற்றச் சொன்னால் மூன்றும் மூன்று வழி: இன்டெல் வழியில் −2147483648, ஏ.ஆர்.எம். வழியில் சுழி; ரிஸ்க்-5 வழியில் +2147483647. மூன்றும் விதிக்கு உட்பட்டவையே. இன்டெல் வழிப் பொறியில் இயங்கும் எமுலேட்டர் இவ்விடத்தில் தன் சொந்த விடையை அப்படியே தந்துவிட்டால், வேடம் கலைந்தது என்றே பொருள்.

ஐந்தாவது, சைன், மடக்கை, அடுக்கேற்றம் போன்ற சார்புகள். இவற்றைச் சரியாக முழுதாக்குவதை விதி பரிந்துரைக்கிறது, கட்டாயமாக்கவில்லை. ஆகவே இவற்றின் கடைசி இலக்கம் நூலகத்திற்கு நூலகம் மாறும்.

சிறு வேறுபாடு பெருகும் விதம்

கடைசி இலக்கத்தில் ஓர் அலகு மாறினால் குடி முழுகிப் போய்விடுமா என்பார் உண்டு. சம்பளப் பட்டியலிலும் கட்டிட அளவிலும் பெரும்பாலும் ஒன்றும் நேராது. ஆனால் ஒரு படியின் விடை அடுத்த படியின் தரவாகும் கணக்குகளில் நிலைமை வேறு.

1961 இல் அமெரிக்க வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் தம் கணிப்பொறி மாதிரியை இடையிலிருந்து மீண்டும் இயக்கினார். அச்சில் கண்ட மூன்று இலக்க எண்ணான 0.506 ஐ உள்ளிட்டார். பொறிக்குள் இருந்ததோ 0.506127. சிறிது காலம் வரை இரண்டு முன்கணிப்புகளும் இணைந்து சென்றன. பின்னர் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதவாறு பிரிந்தன. அக்கண்டுபிடிப்பு 1963 இல் வெளியாகிப் புதியதோர் இயலுக்கே வித்திட்டது.

ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வு நிலையமும் இச்சிக்கலை எதிர்கொண்டது. 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள முடுக்கி வளையத்தில் புரோட்டான்களின் பாதையை 10 இலட்சம் சுற்றுகள் வரை கணக்கிடும் பணி, 2004 முதல் பொதுமக்களின் கணிப்பொறிகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. ஒரே பகுதியை இருவரிடம் தந்து ஒப்பிடுவது சோதனை முறை. ஆனால் வெவ்வேறு செயலிகளில் அடுக்கேற்ற, மடக்கைச் சார்புகள் கடைசி பிட்டில் வேறுபட்டமையால் பாதைகளே விலகின. விடைகளை ஒப்பிட்டுப் பார்த்துச் சரிகாணவே வழியில்லை. இச்சார்புகளைச் சரியாக முழுதாக்கித் தரும் நூலகம் ஒன்றைப் பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் உருவாக்கியிருந்தனர். அதைப் பயன்படுத்திய பின்னரே எல்லாப் பொறிகளிலும் ஒரே விடை கிடைத்தது. இவ்வகை வேறுபாடு தீர்க்கக் கூடியதே என்பதை இது மெய்ப்பிக்கிறது.

துல்லியம் வேறு, ஒப்புமை வேறு

எமுலேட்டரைப் பற்றிப் பரவலான தவறான கருத்து ஒன்று உண்டு. விடை துல்லியமாயிருந்தால் எமுலேட்டர் நல்லது என்பதே அது. எமுலேட்டரின் கடமை உண்மையான விடையைத் தருவதன்று; மெய்ச் செயலி தரும் விடையைத் தருவதே. செயலியை விட மிகுந்த துல்லியத்துடன் கணக்கிடும் எமுலேட்டர், எமுலேட்டர் என்ற முறையில் குறையுடையதே.

1994 இல் வெளியான பென்டியம் வகுத்தல் பிழை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கணிதப் பேராசிரியர் தாமஸ் நைஸ்லி தம் ஆய்வின்போது அப்பிழையைக் கண்டறிந்தார். 4195835 ஐ 3145727 ஆல் வகுத்தால் 1.33382 என வர வேண்டும், அச்செயலி 1.33374 என்றது. வகுத்தலுக்கான அட்டவணையில் ஐந்து இடங்கள் விடுபட்டிருந்ததே காரணம். அந்நிறுவனம் 47.5 கோடி டாலரை இழப்பாக ஒதுக்க நேர்ந்தது. அந்தச் செயலிக்கு ஒருவர் எமுலேட்டர் எழுதியிருந்தால் அது 1.33382 என்று சரியாகவே சொல்லியிருக்கும். அதைச் சோதித்தவரும் நிறைவு கொண்டிருப்பார். பிழையோ செயலியிலேயே தங்கியிருக்கும்.

எமுலேட்டர் எழுதுவோர் இருவழிகளுள் ஒன்றைத் தெரிவு செய்கின்றனர். தாம் இயங்கும் பொறியின் கணக்கு அலகையே பயன்படுத்துவது முதல் வழி; வேகமானது, ஆனால் அப்பொறியின் குணங்கள் உள்ளே புகுந்துவிடும். முழு எண் ஆணைகளைக் கொண்டே ஒவ்வொரு பிட்டையும் கட்டியெழுப்புவது இரண்டாம் வழி. பன்மடங்கு மெதுவானது, ஆனால் நம்பத்தக்கது. ஜான் ஹவுசர் உருவாக்கிய பெர்க்லி சாஃப்ட்ஃப்ளோட் நூலகம் இவ்வழிப்பட்டது. கியூஎமு எமுலேட்டரின் கணக்குப் பகுதி இதிலிருந்து கிளைத்தது. ரிஸ்க்-5 க்கான ஸ்பைக் மாதிரிப் பொறியும் இதனையே பயன்படுத்துகிறது.

ஏரியேன் 5 தரும் படிப்பினை

மெய்யான கருவிக்குப் பதிலாக அதன் மாதிரியை நம்பியதன் விலையை 1996 ஜூன் 4 ஆம் நாள் உலகம் கண்டது. ஐரோப்பாவின் ஏரியேன் 5 ராக்கெட் தன் முதல் பயணத்தில் 40 வினாடிகளுக்குள் திசைமாறிச் சிதறியது. ஏரியேன் 4 க்கென எழுதப்பட்ட வழிநடத்து அலகின் ஆணைத் தொடர் மாற்றமின்றிப் பயன்படுத்தப்பட்டிருந்தது. அதில் கிடைத்திசை வேகத்தைச் சார்ந்த 64 பிட் மிதவைப் புள்ளி எண் ஒன்று 16 பிட் முழு எண்ணாக மாற்றப்பட்டது. அதில் அடங்கும் பேரளவு 32767. புதிய ராக்கெட்டின் பாதையில் அவ்வெல்லை மீறப்பட்டது. முதன்மை அலகும் மாற்று அலகும் ஒரே தொடரைக் கொண்டிருந்தமையால் இரண்டும் செயலிழந்தன.

விசாரணைக் குழு சுட்டிக்காட்டிய ஒன்று இங்குக் கருதத்தக்கது. முழு அமைப்பையும் தரையில் பாவனை செய்து பார்த்த சோதனைகளில் மெய்யான வழிநடத்து அலகு இணைக்கப்படவில்லை. அதன் வெளியீட்டைப் போன்று தரும் மென்பொருளே இணைக்கப்பட்டிருந்தது. அம்மென்பொருளில் 16 பிட் மாற்றத்தின் எல்லை இல்லை. ஆகவே சோதனைகள் வெற்றி பெற்றன. ராக்கெட் வெற்றி பெறவில்லை.

இந்தியச் செயலிகளும் இச்சிக்கலும்

இந்தியாவில் செயலிகள் வடிவமைக்கப்படும் இக்காலத்தில் இது ஏட்டளவான பிரச்சினையன்று. சென்னை ஐ.ஐ.டி.யின் சக்தி செயலிகள் ரிஸ்க்-5 ஆணைத் தொகுதியைச் சார்ந்தவை. 2018 இல் அவற்றின் சில்லுகள் உருவாயின. சி-டாக் நிறுவனத்தின் வேகா வரிசையும் அதே ஆணைத் தொகுதியைப் பின்பற்றுகிறது. இவற்றை ஊக்குவிக்க மைய அரசு 2022 ஏப்ரலில் டிஜிட்டல் இந்தியா ரிஸ்க்-5 திட்டத்தை அறிவித்தது. வேகா வரிசையின் தேஜஸ் 32 சில்லில் மிதவைப் புள்ளி அலகு இல்லை. கம்பைலர் சேர்க்கும் நூலகமே அக்கணக்குகளைச் செய்கிறது. சக்தியின் சி வகைச் செயலியிலோ அலகு உண்டு. ஒரே ஆணைத் தொகுதியைச் சேர்ந்த இரு சில்லுகளுக்கிடையிலேயே கணக்கின் வழி வேறு என்பதை நிரல் எழுதும் மாணவர் மறத்தலாகாது.

விண்வெளித் துறையில் திருவனந்தபுரம் விக்ரம் சாராபாய் விண்வெளி மையமும் மொஹாலி செமிகண்டக்டர் ஆய்வகமும் இணைந்து உருவாக்கிய விக்ரம் 3201 என்னும் 32 பிட் செயலியின் முதல் தொகுதி 2025 மார்ச்சில் ஒப்படைக்கப்பட்டது. 2009 முதல் ஏவுகலங்களில் பணியாற்றிய 16 பிட் விக்ரம் 1601 இன் வழிவந்தது அது. மிதவைப் புள்ளிக் கணக்கிடும் திறனும் அடா மொழிக்கு ஏற்ற அமைப்பும் அதற்கு உண்டு. அதன் கம்பைலரும் மாதிரிப் பொறியும் இஸ்ரோ நிறுவனத்திலேயே உருவாக்கப்பட்டவை. 2024 டிசம்பரில் ஏவப்பட்ட பி.எஸ்.எல்.வி. சி-60 பயணத்தில் அச்செயலி விண்வெளியிலேயே இயக்கிச் சரிபார்க்கப்பட்டது. இறுதிச் சோதனை மெய்ப் பொருளிலேயே நடைபெற வேண்டும் என்னும் நெறிக்கு இது சான்று.

கடைப்பிடிக்க வேண்டிய நெறிகள்

இவற்றிலிருந்து சில நடைமுறை முடிவுகள் பெறப்படுகின்றன.

முதலாவது, வேறுபாடுகளை இருவகையாகப் பிரித்தல் வேண்டும். தர விதி ஒரே விடையை வகுத்துள்ள ஐந்து செயல்களிலும் எமுலேட்டரும் செயலியும் பிட்டுக்குப் பிட்டு ஒத்திருக்க வேண்டும். இங்கே சலுகைக்கு இடமில்லை. விதி இடமளித்துள்ள சார்புகளில் மட்டும், கணக்கின் தேவையை ஆராய்ந்து, அனுமதிக்கத்தக்க வேறுபாட்டின் எல்லையை முன்கூட்டியே எழுதி வைத்தல் வேண்டும். விடை வந்தபின் அதற்கேற்ப எல்லையை விரிப்பது சோதனை ஆகாது.

இரண்டாவது, கொள்முதல் ஒப்பந்தங்களில் "எமுலேட்டர் வழங்கப்படும்" என்ற ஒரு வரி போதாது. அது மெய்ச் செயலியின் கணக்கைப் பிட்டளவில் ஒத்ததா, செயலளவில் மட்டும் ஒத்ததா என்பது குறிக்கப்பட வேண்டும். விதி வரையறுக்காத இடங்களில் செயலி தரும் விடைகளின் பட்டியலையும் கேட்டுப் பெறுதல் நலம்.

மூன்றாவது, ஒவ்வொரு சோதனை அறிக்கையிலும் கம்பைலரின் பதிப்பு, அதற்குத் தந்த கட்டளைகள், முழுதாக்கும் முறை, கணித நூலகம் ஆகியவை பதிவு செய்யப்பட வேண்டும். இவற்றுள் ஒன்று மாறினாலும் விடை மாறலாம்.

நான்காவது, சோதனைத் தரவுகள் சாதாரண எண்களாக மட்டும் இருத்தல் கூடாது. சுழிக்கு அருகிலுள்ளவை, எல்லையைத் தாண்டுபவை, முடிவிலி, எண் அல்லாதவை, இரண்டு எண்களுக்கு நடுவே சரிபாதியில் நிற்பவை ஆகிய எல்லாம் இடம்பெற வேண்டும். வேறுபாடுகள் மறைந்திருப்பது இவ்விடங்களிலேயே. இவற்றை முறையாகத் தொகுத்துத் தரும் டெஸ்ட்ஃப்ளோட் போன்ற சோதனைத் தொகுதிகள் இலவசமாகக் கிடைக்கின்றன.

ஐந்தாவது, உயிருக்கும் பெருஞ்செலவுக்கும் தொடர்புடைய அமைப்புகளில் எமுலேட்டரின் சான்றைக் கொண்டு மட்டும் ஒப்புதல் அளிக்கலாகாது. அது பிழைகளை விரைவில் கண்டறியும் கருவி. பிழையின்மைக்கு அளிக்கப்படும் சான்றிதழ் அன்று.

மாணவர்களுக்கும் இதில் கடமை உண்டு. இரண்டு மிதவைப் புள்ளி எண்கள் சமமா என்று நேரடியாக ஒப்பிட்டு நிரலின் போக்கை முடிவு செய்யும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே விட்டொழித்தல் நன்று. அவ்வாறு எழுதப்பட்ட நிரலே, கடைசி இலக்கத்தின் வேறுபாட்டை வேறு பாதையாக மாற்றிவிடுகிறது. வேறுபாடு ஒன்று தென்பட்டால் அதை மூடி மறைக்காது, முதன்முதலில் எந்த ஆணையில் அது தோன்றியது என்று பின்னோக்கிச் சென்று காண்பதே முறை. பெரும்பாலும் அங்கே மேற்கண்ட ஐந்து வாயில்களுள் ஒன்று திறந்திருக்கக் காணலாம். அவற்றுள் எதுவும் பொருந்தாதபோதே செயலியையோ எமுலேட்டரையோ ஐயுற வேண்டும். அவ்வாறு ஐயுற்று ஆராய்ந்த ஒருவராலேயே பென்டியத்தின் பிழையும் வெளிப்பட்டது.